ஒரு பொத்தான் தள்ளிப் போட்ட பேராயர்

தையற்கடை,
பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்தானே? கேட்டால் திருமண்டலத்தில் இத்தனை சபை, இத்தனை வேலை என்பாய். எனக்கும் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் முந்நூறு சீருடை இருக்கிறது. ஆனாலும் நான் கடிதம் போடுகிறேன் பார்.

பார்சலில் உன் புது அங்கி வருகிறது. நீ பேராயராகிப் பத்து வருடம் நிறைகிறது என்று உன் அலுவலகத்துச் செயலர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். ஊதாத் துணிக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் பழுப்பைக் காட்டி, "விளக்கு வெளிச்சத்துல ஊதாவாத்தான் தெரியும்மா" என்றார். பகலில் எங்கள் அண்ணனை மூடி வைக்கவா முடியும்?

வழக்கம்போல முப்பத்தொன்பது பொத்தான். சபையின் கொள்கைகள் முப்பத்தொன்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் என்று நீ குருவானவரான வருடம் சொன்னாய். கொள்கை வகுத்தவர்கள் வீட்டில் தையற்காரி யாரும் இல்லை போலிருக்கிறது. அண்ணி இருந்தவரை மேலிருந்து அவர் போட்டு வருவார், கீழிருந்து நீ போட்டு வருவாய், நடுவில் சந்தித்துக்கொள்வீர்கள். இனி எல்லாமே நீதான். அவசரப்படாமல் போடு.

தைக்கும்போது பழையதெல்லாம் ஞாபகம் வந்தது. மில் தெருச் சின்ன ஆலயத்தில் துணைக்குருவாக இருந்தாய், பிறகு சிறைச்சாலைக்குப் போதகராகச் சைக்கிளில் போனாய். "இவன் உருப்பட மாட்டான்" என்று சொன்ன பெரியப்பா, நீ பேராயரானதும் "நான் அப்பவே சொன்னேன்" என்றார். பாவம், எப்போது சொன்னது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அளவு பழைய அளவுதான். தொப்பை வளர்ந்திருந்தால் அது உன் பொறுப்பு.

உன் அன்புத் தங்கை


பேராயர் இல்லம்,
பிப்ரவரி 21

என் பிரியமுள்ள தங்கைக்கு,

கிருபையும் சமாதானமும் என்று ஆரம்பித்தால் "சுற்றறிக்கையா அனுப்புகிறாய்?" என்பாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். அங்கி கச்சிதம். தொப்பை அப்படியேதான் இருக்கிறது, அங்கிதான் சற்று நெருங்கி வந்து அணைத்துக்கொள்கிறது. பத்தாம் ஆண்டு விழாவில் எல்லாரும் பேசினார்கள். பேசாமல் இருந்தவர்களை எனக்கு மிகவும் பிடித்தது.

இங்கே ஒரு சின்னப் பரபரப்பு. உன் காதுக்கு வேறு விதமாக வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். சென்ற ஞாயிறு திடப்படுத்தல் ஆராதனை. நீ வெள்ளைக் கவுன் போட்டு முழங்காலிட்டு, கை வைத்தால் பின்னல் கலையுமா என்று பேராயரிடமே கேட்டாயே, அதே ஆராதனைதான். சபையில் முழு உறுப்பினராகும் பிள்ளைகள் பலிபீடத்தின் முன் வரிசையாக முழங்காலிட்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்துக்கொண்டே போனேன். இடையில் மைக் கரகரத்தது. மைக்செட்காரர் குனிந்தபடி வந்து, வரிசையின் கடைசியில் முழங்காலிட்டு வயரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் ஸ்குரூ டிரைவர், வாயில் ஒட்டும் டேப். நான் அவர் தலையிலும் கை வைத்து முழு ஜெபத்தையும் சொல்லிவிட்டேன். அவர் டேப்போடு "ம்ம்" என்றார். சபையார் அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பது வயது மனிதர், ஞானஸ்நானம் பெறாதவர், கூலிக்கு மைக் கட்டுவதைத் தவிர ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்காதவர். வெளியே வந்ததும் ஒரு நிருபர் பிடித்துக்கொண்டார். "அவர் யாருன்னு தெரியுமா?" என்றார். "ஆசீர்வாதத்துக்கு அடையாள அட்டை கேக்கணுமா?" என்றேன். மறுநாள் முதல் பக்கத்தில் வந்துவிட்டது. நானே இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மோசமான வரி இல்லை, என்ன சொல்கிறாய்?

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்


தையற்கடை,
மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வருமுன்பே நீ வந்துவிட்டாய், பேப்பரில்! இவருக்கு ஓய்வு பெற்றதிலிருந்து கடை வாசல் நாற்காலிதான் ஆபீஸ். இப்போது அங்கே தினமும் கூட்டம். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் நடக்கிறது. "ஞானஸ்நானம்கிறது டிக்கெட். திடப்படுத்தல்ங்கிறது உக்கார்ற சீட். டிக்கெட் எடுக்காதவருக்கு சீட் குடுத்துட்டார் எங்க மச்சான்." பிள்ளைக்கு அளவு கொடுக்க வந்த ஓர் அம்மா, "அப்ப டிக்கெட் எடுத்துட்டு நின்னுக்கிட்டே வர்றவங்க கதி?" என்று கேட்டார். இவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எதிர்வீட்டுப் பாடகர் குழு அம்மாள் என்னிடம் பேசுவதில்லை. "உங்க அண்ணன் சபையையே கவுத்துட்டார்" என்றார். கவிழ்க்க அது என்ன தண்ணீர்க் குடமா என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஜாக்கெட் தைக்க வேறு கடைக்குப் போகிறார். போகட்டும், அளவு சொன்னால் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மெய்யாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆச்சரியமாகவும் இருக்கிறது. நீ ஆராதனை முறையில் ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டாய். என் கல்யாணத்திலேயே, இவருக்குத் தும்மல் வந்ததால் உறுதிமொழியை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தவன் நீ. அப்படிப்பட்டவனுக்கு திடீரென்று இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

ஒரு முறை வந்து போயேன். மருமகளும் கேட்கிறாள்.

உன் தங்கை


பேராயர் இல்லம்,
மார்ச் 12

பிரியமுள்ள தங்கைக்கு,

ஆச்சரியம் எனக்கும்தான். இந்த வயதில் இளைஞர்கள் என்னைப் பார்த்துக் கைதட்டுவார்கள் என்று நினைக்கவில்லை. ஆலய வாசலில் "கதவைத் திறந்த பேராயர்" என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். அடுத்த திருமண்டலத்தில் வந்து பேசச் சொல்லி அழைப்பு. மறுபுறம், ஒரு குருவானவர் இனி என்னைத் தன் பலிபீடத்தில் ஏற்றப் போவதில்லை என்று எழுதியிருக்கிறார். முப்பத்தேழு வருட ஊழியத்தில் நான் சிறைக் கைதிகளுக்காகப் பேசியபோதோ, மில் மூடியபோது தொழிலாளர்களுக்கு ஆலய மண்டபத்தைத் திறந்துவிட்டபோதோ ஒருவரும் என்னை இப்படி வாழ்த்தவும் இல்லை, வையவும் இல்லை.

செயலரை உனக்குத் தெரியும். உட்கார்ந்து எழுந்தாலும் சட்டை கசங்காது. "இஸ்திரிப்பெட்டி" என்று நீதானே பேர் வைத்தாய். அவர் தினமும் வந்து நிற்கிறார். "ஒரே வரி போதும் ஐயா. தவறுதலா நடந்துபோச்சுன்னு அறிக்கை குடுத்துடுங்க, முடிஞ்சுபோச்சு" என்கிறார். ஏப்ரல் பத்தாம் தேதி திருமண்டலப் பேரவை கூடுகிறது. அங்கே நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நேற்று மைக்செட்காரரே வந்திருந்தார். நல்ல மனிதர், கணீரென்ற குரல், மைக்கே தேவையில்லை. அவரைப் பார்க்கிறவர்களெல்லாம் "பேராயர் பொறுக்கி எடுத்த ஆள்" என்கிறார்களாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "சார், அன்னிக்கு என் தலையில ஏன் கை வச்சீங்க?" என்றார். "அது கடவுளுக்குத்தான் தெரியும்" என்றேன். பேராயராக இருப்பதில் இது ஒரு வசதி, இந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் அவர் உடனே போகவில்லை. இரண்டு டீ குடித்தார். "வேற ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க சார்" என்றார். மூன்றாவது டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் போன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வார இதழில் பேட்டி வந்திருக்கிறது. உன் அங்கியோடு முழுப் பக்கப் படம். ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணன்


தையற்கடை,
மார்ச் 18

மதிப்புக்குரிய பேராயர் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. படத்தை இவர் சுவரில் மாட்டப் போனார். நான் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

படத்தில், அங்கியின் மேலே ஒரு காஜா ஓட்டை காலி. கீழே ஒரு பொத்தான் அனாதை. நடுவில் உள்ளதெல்லாம் ஒன்று தள்ளி மாட்டியிருக்கிறது. கழுத்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முழுப் பக்கப் படம், ஊரெல்லாம் பார்த்த படம், யாருக்கும் தெரியவில்லை. முதல் பொத்தான் தப்பினால் கடைசி வரை தப்பு என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். தலைவகிடு கோணினால் வெளியே வராத மனிதர் நீங்கள். அப்படியே போய்ப் படத்துக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போன தடவை வந்தபோது என் மருமகளைப் பார்த்து, "என்ன தங்கச்சி, இப்படி இளைச்சுட்டே" என்றீர்கள். என்னைக் கிண்டல் செய்கிறீர்கள் என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. பேப்பரைக்கூட "வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான்தான் கவனிக்காமல் விட்டேன்.

அப்பா பஸ் ஓட்டிய கடைசி நாள் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் விடுதியில் இருந்தீர்கள். பள்ளிக்கூட நிறுத்தத்தில் நான் கை காட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னை நேராகப் பார்த்தபடியே தாண்டிப் போய்விட்டார். அப்பாவுக்கு என்மேல் கோபம் என்று வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கோபம் இல்லம்மா. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நடுவுலதான் புகை மாதிரி மறைக்குது" என்றார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாராம். மறுநாள் டிப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தார். "உன்னைத் தாண்டிப் போனவன் வேற யார் மேலயாவது ஏத்திடுவேன்" என்றார்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. மைக்செட்காரர் அங்கே இருந்தது உங்களுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா?

இப்படிக்கு,
தையற்காரி


பேராயர் இல்லம்,
மார்ச் 25

என் தங்கைக்கு,

தெரியவில்லை.

உன் கடிதத்தில் "நீங்கள்" என்று பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயதில் நீ "நீங்கள்" என்றால் அடுத்து எதையாவது தூக்கி எறிவாய். இந்த முறை சரியாக வந்து மேலே பட்டது.

அப்பாவுக்கு வந்ததேதான். ஓரம் தெரிகிறது, நடுவில் இல்லை. உன் கடிதத்தை உன் அண்ணியின் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்; அரை நாள் ஆயிற்று. ஆராதனை முறை எல்லாம் மனப்பாடம், அதனால் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தப்பித்தேன். அன்று வரிசையின் முடிவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. இன்னொரு பிள்ளை என்று கை வைத்தேன். அவ்வளவுதான் என் புரட்சி.

நிருபர் கேட்டபோது சொல்லியிருக்கலாம். கண் தெரியவில்லை என்று சொன்னால் அன்றே ஓய்வு பெறச் சொல்வார்கள், அது விதி. எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வேலை போனால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் ஒரு சாமர்த்தியமான வரி வாயில் வந்தது. பிறகு கைதட்டினார்கள். அது பிடித்திருந்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? அப்பா மறுநாளே சாவியைக் கொடுத்தார். பிரசங்கம் செய்கிற அவர் மகன் ஒரு மாதமாகியும் சாவியைக் கொடுக்கவில்லை.

இப்போது பதவிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனிதர் குரல்தான் காதில் நிற்கிறது. "ஏன் கை வச்சீங்க" என்று கேட்டாரே. அது வேறு யாருக்கோ போக வேண்டிய ஜெபம், கை தவறி உன்மேல் விழுந்தது என்று எப்படிச் சொல்வேன்?

அண்ணன்


தையற்கடை,
மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

நான் உனக்குப் பிரசங்கம் பண்ணப் போவதில்லை. அது உன் தொழில், கூலியும் உனக்குத்தான்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். கடைக்கு மேல் மாடி அறை காலியாக இருக்கிறது. நூல்கண்டுகளை இறக்கிவிட்டு வெள்ளையடித்துவிட்டோம். நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது உன் அறை. கீழே மிஷின் சத்தம் நாள் பூராவும் இருக்கும், தனிமையாக இருக்கிறது என்று ஒருநாளும் சொல்ல முடியாது. இவருக்கும் தன் விளக்கங்களைக் கேட்க நிரந்தரமாக ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று. பேரவைக்கு முன்னால் அந்த மனிதரிடம் நீயே சொல்லிவிடு. அவர் அதைப் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

அந்த அங்கியைத் திருப்பி அனுப்பு. முப்பத்தொன்பது பொத்தானையும் வெளியே அப்படியே வைத்துத் தைத்துவிட்டு, உள்ளே ஒரு ஜிப் வைத்துத் தருகிறேன். கொள்கைக்குக் கொள்கையும் ஆயிற்று, வேலைக்கு வேலையும் ஆயிற்று. கடைசி ஆராதனைக்கு நீ நேராகப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

அழாதே. நானும் அழவில்லை, காய்ச்சல் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் தங்கை


பேராயர் இல்லம்,
ஏப்ரல் 15

பிரியமுள்ள தங்கைக்கு,

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பதறாதே. சொல்வது நான், எழுதுவது மைக்செட்காரர். இவர் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். வெட்கப்படுகிறார், ஆனாலும் எழுதிவிட்டார்.

நீ சொன்னபடி பேரவைக்கு முன்னால் இவர் கடைக்குப் போனேன். ஒலிபெருக்கிக் குழாய்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு நான் உங்களைப் பாக்கவே இல்லை. எனக்குக் கண்ணு தெரியாது. வரிசையில இன்னொரு பிள்ளைன்னு நினைச்சுட்டேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"தெரியும் சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும்?"

"நீங்க முதல்ல என் மைக் ஸ்டாண்டுக்குத்தான் சார் கை வச்சீங்க. அரை ஜெபம் அதுக்குச் சொல்லிட்டீங்க. சில்லுன்னு இருந்துச்சோ என்னமோ, நகர்ந்து எங்கிட்ட வந்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாயில டேப்பு சார்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அதுக்கப்புறம்?" என்றேன்.

"அதுக்கப்புறம் நீங்க பேப்பர்ல பெரிய ஆளாயிட்டீங்க. காட்டிக் குடுக்க மனசு வரல. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன். ரெண்டு டீ குடிச்சும் பார்த்தேன். கடவுளுக்குத்தான் தெரியும்னீங்க. சரி, அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ரெண்டு பேர் போதும்னு கிளம்பிட்டேன்."

அது திடப்படுத்தல் ஆகாது, செல்லாது என்று அறிவிக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு வருத்தமா என்று கேட்டேன். ஒரு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "எங்கம்மா போனதுக்கப்புறம் முடிவெட்டுறவரைத் தவிர யாரும் என் தலையில கை வச்சதில்ல சார். அது எந்தக் கணக்குல வந்தா என்ன?" என்றார். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறார். எழுதினால்தான் மேலே சொல்வேன் என்று அடம்பிடித்தேன்.

பேரவையில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். கண்ணைப் பற்றி, நிருபருக்குச் சொன்ன பதிலைப் பற்றி, கைதட்டலைப் பற்றி. இளைஞர்கள் பக்கம் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவருக்கு நான் கடன்பட்டவன்தான், அந்தக் கோபம் நியாயம். திடப்படுத்தல் செல்லாது என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் சொன்ன ஜெபத்தை வாபஸ் வாங்க வழி உண்டா என்று ஒருவர் கேட்க, செயலர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அதுக்கு விதியே இல்லை" என்றார். பிறகு நான் படி இறங்கத் தடுமாறியபோது அவரே ஓடிவந்து என்னை அணைத்துப் பிடித்தார். அவர் சட்டை கசங்கிவிட்டது என்று அங்கே மைக் கட்ட வந்திருந்த மைக்செட்காரர் சொன்னார். நான் பார்க்க முடியாமல் போனதற்கு நிஜமாகவே வருத்தப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

இந்த மாதக் கடைசி ஞாயிறோடு ஓய்வு. பேனரைக் கழற்றிவிட்டார்கள். அதை இவர் வாங்கி, மழையில் நனையாமல் ஒலிபெருக்கிகளை மூடப் பயன்படுத்துகிறார். "கதவைத் திறந்த" என்பது மட்டும் வெளியே தெரிகிறதாம். உன் ஜிப் அங்கி வந்தது. ஒரே இழுப்பில் முப்பத்தொன்பது கொள்கையையும் ஏற்றுக்கொண்டேன். இரண்டு மாதமாக இல்லாத தூக்கம் இப்போது வருகிறது.

மாடி அறைக்கு வருகிறேன். மே இரண்டாம் தேதி பஸ்ஸில். இவரும் கூட வந்து விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

உன் அண்ணன்

எழுதியவர் குறிப்பு: அம்மா, வணக்கம். "இதைச் சொல்லும்போது நான் அழவில்லை" என்று சார் எழுதச் சொன்னார். பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மைக் ஸ்டாண்டை இப்போதெல்லாம் வாடகைக்கு விடுவதில்லை.


தையற்கடை,
ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கும், இதைப் படித்துச் சொல்கிற மைக்செட்காரருக்கும்,

மைக்செட்காரரே, உங்கள் குரல் கணீரென்று இருக்கும் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். தெருவுக்கே கேட்காமல் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். மைக் ஸ்டாண்டு விஷயத்தைப் படித்து இவர் நாற்காலியிலிருந்து விழாத குறைதான். "பாதி ஆசீர்வாதம் வாங்கின இரும்பு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிக்கெட், சீட் விளக்கம் ஒரு வழியாக ஓய்ந்தது.

அண்ணா, உன் கட்டில் ஜன்னலோரம் போட்டாயிற்று. படிக்கட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாயிற்று. உன் சட்டைக்கெல்லாம் பெரிய பொத்தானாகத் தைக்கிறேன், தடவினாலே தெரியும். எதிர்வீட்டுப் பாடகர் குழு அம்மாள் நேற்றுக் கடைக்கு வந்தார். "உங்க அண்ணன் உண்மையைச் சொல்லிட்டாராமே" என்று சொல்லிவிட்டு இரண்டு ஜாக்கெட் கொடுத்துப் போயிருக்கிறார். அளவு மட்டும் இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

சீருடை மாதம் வருகிறது. காஜா எடுக்கிற பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். முடிச்சவிழ்ப்பதற்கும் நூல்கண்டு சுற்றுவதற்கும் கண் வேண்டியதில்லை, கை போதும். சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று கனவு காணாதே. பத்திரமாக வந்து சேர்.

உன் அன்புத் தங்கை

மைக்செட்காரரே, இங்கே நிறுத்திவிடுங்கள். "அவ்வளவுதான் சார்" என்று சொல்லிவிடுங்கள். மீதி உங்களுக்கு மட்டும்.

பஸ் நிற்கும்போது நான் நிறுத்தத்தில் கை காட்டிக்கொண்டு நிற்பேன். நிற்கப் போகிற பஸ்ஸுக்கு எதற்குக் கை என்று இவர் கேட்கிறார், இருந்தாலும் காட்டுவேன். அண்ணன் என்னை நேராகத்தான் பார்ப்பார், ஆனால் நான் தெரிய மாட்டேன். இறங்குவதற்கு முன்னால், "உங்க தங்கச்சி கை காட்டிக்கிட்டு நிக்கிறாங்க சார்" என்று அவரிடம் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.